நெய்யும் கறியும்: ஆங்கில அருஞ்சொற்கள் சிலவற்றின் பொருளாராய்ச்சி

உழவும் தோட்டமும் பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்குப் பெருவழக்காகிய சொற்கள் பெரும்பாலும் இடர் விளைப்பதில்லை. அவற்றின் பொருளை எந்த அகராதியும் தரும். அருகி வழங்கும் சொற்களே இடறச் செய்வன. அவற்றுள்ளும், ஒலியால் ஒத்து அடியால் வேறுபட்டவை மிக்க மயக்கம் தருவன. 'ஓலியேஜினஸ்', 'ஓலிஃபெரஸ்', 'ஓலரேசியஸ்', 'ஓலரிகல்ச்சர்', 'ஓலிட்டரி' என்னும் ஐந்து சொற்களையும் ஒருங்கு நிறுத்திக் காண்பார்க்கு அவை ஒருதாய் வயிற்றுப் பிறந்தன போலத் தோன்றும். உண்மை அஃதன்று. முதல் இரண்டும் எண்ணெய் பற்றியன. பின் மூன்றும் கீரையும் காய்கறியும் பற்றியன. முதுகலை மாணவர் ஒருவர் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் 'ஓலரிகல்ச்சர்' என்பதனை 'எண்ணெய்வித்துப் பயிரியல்' எனப் பெயர்த்திருந்தார். அவர் பெயர்த்த பகுதியோ முட்டைக்கோசும் வெண்டையும் பற்றியது. இத்தகைய பிழையைப் படிப்பவன் உழவனாயின் நகைத்து விடுவான். தேர்வுக்குப் பயிலும் மாணவனாயின் நம்பிவிடுவான். பின்னதே பெருந்தீங்கு.

இம் மயக்கத்தின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம் மொழியில் 'ஓலியும்' என்பது எண்ணெய்; 'ஹோலுஸ்' என்பது கீரை. பின்னதன் முதலில் நின்ற ஹகர ஒலி நாளடைவில் தேய்ந்து 'ஓலுஸ்' என நின்றது. தேயவே, இரு சொற்களும் நெருங்கின. எனினும், வேற்றுமை உருபு ஏற்குங்கால் அவை பிரிந்து நிற்கும். ஆறாம் வேற்றுமையில் முன்னது 'ஓலெயீ' என்றாகும். பின்னது 'ஓலெரிஸ்' என்றாகும். எனவே ஆங்கிலச் சொல்லில் லகரத்தை அடுத்து ரகரம் தோன்றின் அது கீரையின் இனம், தோன்றாவிடின் எண்ணெயின் இனம் எனப் பெரும்பாலும் கொள்ளலாம். 'பெரும்பாலும்' என்றது 'ஓலிட்டரி' என்னும் சொல்லை நோக்கி. அதனுள் ரகரம் ஈற்று விகுதிக்கண் அன்றி அடிச்சொல்லில் இல்லை. எனினும் அது கீரையின் இனமே. இலத்தீனில் காய்கறி பயிரிடுவோனை 'ஹோலிட்டோர்' என்பர். அப்பெயரினின்றும் பிறந்தது அச்சொல். பண்டை உரோமை நகரில் காய்கறி விற்ற அங்காடிக்கு 'ஃபோரும் ஹோலிட்டோரியும்' என்பது பெயர்.

மூன்றாம் அடி ஒன்றும் இவற்றிடையே புகுந்து குழப்பும். 'ஓலேரே' என்பது இலத்தீனில் மணத்தல், நாறுதல் என்னும் வினை. 'ஆல்ஃபாக்டரி' (மோப்பம் பற்றியது), 'ரெடொலன்ட்' (மணம் கமழ்வது), 'ஓலிட்' (தீநாற்றமுடையது) என்பன அதன் வழியின. இவற்றுக்கும் எண்ணெய்க்கும் தொடர்பில்லை. நறுமணப் பிசினைக் குறிக்கும் 'ஒலிபானம்' என்பதோ அரபுமொழியின் 'அல்-லுபான்' என்பதன் திரிபு. அரளியைக் குறிக்கும் 'ஓலியாண்டர்' என்னும் பெயரில் ஒலிவ மரப்பெயரின் சாயல் பின்னர்ப் படிந்ததேயன்றி, அரளிக்கும் ஒலிவத்துக்கும் உறவு இல்லை. சொல்லின் முகத்தை நோக்கி அதன் குலத்தைத் துணிதல் கூடாது என்பதற்கு இவை போதிய சான்றாகும்.

இனிக் கீரையினத்தைக் காண்பாம். 'ஹோலுஸ்' என்பது பசுமையும் மஞ்சளும் உணர்த்தும் மிகப் பழைய அடி ஒன்றினின்றும் வந்தது என்பர் மொழிநூலார். கிரேக்கத்தின் 'குளோரோஸ்' (பசுமை) என்பதும் அவ்வடியினதே. இலைப்பசுமைக்குப் பெயராகிய 'குளோரோஃபில்' என்னும் சொல்லில் அதனை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆகவே 'ஹோலுஸ்' என்பதற்கு நேர் பொருள் பச்சிலையுணவு என்பது. தமிழில் 'இலைக்கறி' என்னும் பழஞ்சொல் இதற்கு மிகவும் பொருந்தும். 1753-இல் லின்னேயஸ் தம் பயிரின நூலில் மூன்று செடிகட்கு 'ஓலரேசியா' என்னும் அடைமொழி கொடுத்தார். முட்டைக்கோசின் இனமாகிய பிராசிகா ஒன்று. பசலை எனச் சிலர் பிழைபடக் கூறும் மேனாட்டு 'ஸ்பினாச்' ஆகிய ஸ்பினேசியா ஒன்று. நம் வயல்வரப்பில் தானே படரும் பருப்புக்கீரையாகிய போர்ட்டுலாக்கா மற்றொன்று. இம்மூன்றிலும் அவ்வடைமொழி உணர்த்துவது ஒன்றே: சமைத்துண்ணத் தகுந்த கீரை என்பது. இதனை 'எண்ணெய்ச் சத்துள்ள' எனப் பெயர்த்தால் பருப்புக்கீரையைச் செக்கிலிட்டு ஆட்ட வேண்டியதாகும்.

'ஓலிட்டரி' என்னும் சொல் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சிறப்பாக வழங்கியது. ஜான் ஈவ்லின் என்பார் 1664-இல் வெளியிட்ட தோட்டத் திங்கட்குறிப்பு நூலில், ஒவ்வொரு திங்களிலும் பழத்தோட்டத்திலும் 'ஓலிட்டரி'த் தோட்டத்திலும் செய்யத்தகும் பணிகளை ஒரு தலைப்பின்கீழும், பூந்தோட்டப் பணிகளைப் பிறிதொரு தலைப்பின்கீழும் வகுத்துரைத்தார். அவரே 1699-இல் பச்சைக்கீரைக் கலவை உணவு பற்றித் தனிநூலொன்றும் எழுதினார். இன்று அச்சொல்லை ஆங்கிலேயருள்ளும் பலர் அறியார். 'கிச்சன் கார்டன்' என்னும் எளிய தொடர் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. தமிழில் இதற்கு இணையாகச் சொற்கள் பல உள. மனையை அடுத்த தோட்டப்பகுதியைச் சங்கச் சான்றோர் 'படப்பை' என்றனர். பிற்காலத்தார் 'கொல்லை' என்றும் 'புழக்கடை' என்றும் வழங்கினர். இவற்றுள் எதனை ஏற்பது? பழநூல் மொழிபெயர்ப்பாயின் 'படப்பை' என்பதே என் விருப்பம். உழவர் கையேடாயின் 'கொல்லை' என்க. படப்பை என்றால் இன்றைய உழவர்க்கு விளங்காது.

ஈவ்லின் செய்த பகுப்பு எல்லா நிலத்துக்கும் பொருந்தும் என எண்ணுதலும் தவறு. கொல்லிமலையைக் காண்க. 1997-இல் நாமக்கல் மாவட்டம் அமைவதற்குமுன் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த அம்மலையின்மேல் ஊர்த்தொகுதிகள் இன்றும் 'நாடு' என்னும் பழம்பெயரோடு விளங்குகின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்பன அவற்றுட் சில. மலையின் தலைமையிடமாகிய செம்மேடு வாழவந்தி நாட்டின்கண் உள்ளது. அங்கு ஒரே நிலத்தில் சில்வர் ஓக் மரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். அதன் நிழலில் காப்பிச்செடி நிற்கும். பலாவும் வாழையும் ஊடே ஓங்கும். இதனைப் பழத்தோட்டம் என்பதா, ஓலிட்டரித் தோட்டம் என்பதா? இரண்டும் அன்று, இரண்டும் ஆம். 'தோட்டம்' என்னும் தமிழ்ச்சொல் இப்பிரிவினைக்கு இடந்தராது யாவற்றையும் தழுவி நிற்கும். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லின் வரம்பைத் தமிழ்ச்சொல்லின்மேல் ஏற்றுதற்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மிளகைச் சொன்னமையால் 'கறி' என்னும் சொல்லையும் ஈண்டே ஆராய்தல் தகும். சங்க இலக்கியத்தில் 'கறி' என்பது மிளகு. யவனர் பொன்னொடு வந்து கறியொடு மீண்டனர் என்னும் செய்தி அகநானூற்றுள் உள்ளது. கறித்தல் என்னும் வினை கடித்தலை உணர்த்தும். மிளகின் பெயராய் இருந்த இச்சொல் பின்னர் மிளகிட்டுச் சமைத்த துணையுணவுக்கும், அதன்பின் அவ்வுணவாகும் காய்க்கும் கிழங்குக்கும், இறுதியில் ஊனுக்கும் பெயராயிற்று எனக் கொள்ளலாம். ஆங்கிலம் இதனைக் 'கறி' என்றே கடன்பெற்றுக் குழம்புக்குப் பெயராக்கியது. இன்று தமிழகத்துப் பேச்சுவழக்கில் 'கறி' எனத் தனித்து நின்றால் ஊனையே பெரும்பாலும் குறிக்கும். ஆதலின் 'ஓலரிகல்ச்சர்' என்பதற்குக் 'கறிப்பயிரியல்' எனச் சொல்லாக்கின் நகைப்புக்கு இடமாகும். ஈழத்தமிழர் காய்கறி யாவற்றையும் 'மரக்கறி' என்பர். அஃது ஊனை விலக்கி நிற்கும் அழகிய சொல். 'மரக்கறிப் பயிரியல்' என்பது சுருக்கமும் தெளிவும் உடையது; எனினும் தமிழகத்து மாணவர்க்குக் 'காய்கறிப் பயிரியல்' என்பதே பழகியது. இருவேறு நாட்டார்க்கும் பொதுவாக நூல் எழுதுவார் முன்னதைத் தழுவுவாராக.

இனி நெய்யினம். இதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. 'ஓலியும்' என்னும் இலத்தீன் சொல் கிரேக்கத்தின் 'எலையோன்' என்பதன் வழிவந்தது. எலையோன் என்பது 'எலையா' என்னும் ஒலிவ மரப்பெயரினின்றும் தோன்றியது. ஆகவே 'ஆயில்' என்னும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் ஒலிவத்தின் நெய் ஒன்றனையே குறித்தது. பிற வித்துக்களின் நெய்யும் அப்பெயரையே பெற்றபின், ஒலிவத்தின் நெய்யைத் தனித்துக் காட்ட 'ஆலிவ் ஆயில்' என்று கூறவேண்டியதாயிற்று. சொல்லின் பிறப்பை நோக்கினால் இத்தொடர் 'ஒலிவத்து ஒலிவநெய்' என்னும் கூறியது கூறலாகும்.

தமிழில் நிகழ்ந்ததும் இதுவே. எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் புணர்ந்த சொல். நிலைமொழி ஈற்று ளகரம் மெல்லெழுத்து வருமிடத்து ணகரமாகும் என்னும் விதியைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலுட் கூறினார். வருமொழி நகரமும் அதற்கியைய ணகரமாகத் திரிய, எண்ணெய் என்றாயிற்று. நெய் என்பது முன்னர் ஆவின் நெய்க்கும் வித்தின் நெய்க்கும் பொதுவாய் நின்றது. பிசுக்கும் பளபளப்பும் உடைமையே அதன் அடிப்பொருள். குருதியை 'நெய்த்தோர்' எனச் சான்றோர் வழங்கியது இக்கருத்துப் பற்றியே. வித்துக்களுள் எள்ளே தலைமை பெற்றமையால் எண்ணெய் என்னும் சிறப்புப்பெயர் எல்லா வித்தின் நெய்க்கும் பொதுப்பெயராய் விரிந்தது. நெய் என்னும் பொதுப்பெயரோ ஆவின் நெய்க்கே சிறப்புப்பெயராய்ச் சுருங்கியது. ஒன்று விரிய, மற்றொன்று சுருங்கிய இம்மாற்றம் சொற்பொருளியல் பயில்வார்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. எண்ணெய் விரிந்தபின் எள்ளின் நெய்யைக் குறிக்கப் புதுப்பெயர் வேண்டியதாயிற்று; 'நல்லெண்ணெய்' பிறந்தது. ஆங்கிலத்தில் ஒலிவ நெய்யைச் 'சுவீட் ஆயில்', அஃதாவது இன்னெண்ணெய், என வழங்கியதும் இதனோடு ஒப்பிடத்தகும்.

இஃது இரு மொழிகளில் மட்டும் நிகழ்ந்தது அன்று. வடமொழியில் 'திலம்' என்பது எள். திலத்தினின்றும் தோன்றியது தைலம். அதுவும் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராயிற்று. இந்தியில் 'தேல்' என நின்றது. அச்சொல் தமிழுட் புகுந்தபோது எண்ணெய் என்னும் சொல் முன்னரே இடம்பிடித்திருந்தமையின், மருந்தெண்ணெய்க்கும் மணநெய்க்கும் மட்டும் பெயராகி ஒதுங்கியது. கன்னடத்தார் 'எண்ணெ' என்பர். மலையாளத்தார் 'எண்ண' என்பர். தெலுங்கில் எள்ளுக்கு 'நூ', 'நுவ்வு' எனப் பெயர். எண்ணெய்க்கு 'நூனெ' எனப் பெயர். சொல் வேறாயினும் ஆக்கமுறை ஒன்றே. நடுநிலக் கடற்கரையில் ஒலிவமும் நம் நாட்டில் எள்ளும் பெற்றிருந்த தலைமையை இச்சொற்கள் காட்டிக்கொண்டு நிற்கின்றன. 'எலையோன்' என்பதில் 'எல்' என்னும் ஒலியைக் கண்டு, அதுவும் நம் எள்ளே எனக் கூறத் துணிவாரும் உளர். எலையா என்பது மரம். எள் என்பது செடி. ஒலியொப்பு ஒன்றே கொண்டு உறவு கூறல் ஆராய்ச்சியாகாது.

இம்முறைக்கு நேர்மாறாக நிகழ்ந்ததும் உண்டு. 'செசமி' என்னும் ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் வழியாக மேற்காசியச் செமித்திய மொழிகளினின்றும் வந்தது. அக்காதிய மொழியில் எள்ளின் பெயர் 'செடியின் நெய்' என்னும் பொருளுடைய தொடரிலிருந்து உண்டாயிற்று என்பர். நாம் எள்ளைக்கொண்டு நெய்க்குப் பெயரிட்டோம். அவர் நெய்யைக்கொண்டு எள்ளுக்குப் பெயரிட்டனர். எள்வித்தின் எடையில் ஏறத்தாழச் செம்பாதி எண்ணெயாதலின் இரண்டும் இயல்பே.

எள்ளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அருஞ்சொற்கள் வேறும் உள. 'ஜிஞ்சிலி' என்பது அரபின் 'ஜுல்ஜுலான்' என்பது போர்ச்சுகீசியரின் வாயிற் புகுந்து 'ஜெர்ஜெலிம்' என்றாகி நம் நாட்டு ஆங்கிலத்தில் நிலைத்தது. சென்னைப் பக்கத்து ஆங்கில ஆவணங்களில் இதுவே மிகுதி. 'பென்னி' என்பது ஆப்பிரிக்க அடிமைகளோடு அமெரிக்கா சென்ற சொல். 'சிம்சிம்' அரபு; 'டீல்' இந்தி. இந்நான்கனையும் நால்வேறு வித்தெனக் கருதி நான்கு பெயரிடல் வேண்டா. ஆனால் 'ராம்டில்' என்பது வேறு வித்து. அதனை வடவர் இராமனின் எள் என்பர். தமிழர் 'பேயெள்' என்பர். கன்னடத்தார் 'ஹுச்செள்ளு', அஃதாவது பித்தெள், என்பர். ஒரு செடிக்கு ஒரு நாட்டில் தெய்வப்பெயரும் மற்றொரு நாட்டில் பேய்ப்பெயரும் வாய்த்த விந்தை இது.

'பெட்ரோலியம்' என்பதனையும் ஈண்டு நோக்குக. 'பெட்ரா' என்பது பாறை. பாறையின் ஒலிவநெய் என்பது அச்சொல்லின் பிறப்புப்பொருள். நாம் 'மண்ணெண்ணெய்' என்றோம். மண்ணின் எள்நெய் என்பது அதன் பிறப்புப்பொருள். ஒலிவமும் இல்லை, எள்ளும் இல்லை. எனினும் இரு மொழியும் ஒரே வழியிற் சென்றன. இச்சொல்லைப் புலவர் எவரும் குழு கூட்டிப் படைத்ததாகத் தோன்றவில்லை. 'ஓலியோகிராஃப்' என்பது எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற அச்சிட்ட வண்ணப்படம். 1894-இல் இரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்து நம் இல்லங்களில் தொங்கிய தெய்வப்படங்கள் இவ்வகையின. 'ஓலியோரெசின்' என்பது மிளகு முதலியவற்றினின்றும் வடித்தெடுக்கும் நெய்யும் பிசினும் கலந்த சாறு. 'நெய்ப்பிசின்' எனல் தகும்.

பெயர்ச்சொற்களினும் அடைமொழிகளே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் வீழ்த்துவன. 'எசென்ஷியல் ஆயில்' என்பதை 'அத்தியாவசிய எண்ணெய்' என எழுதுதலை இன்றும் அச்சில் காணலாம். அவ்வடைமொழி ஈண்டு இன்றியமையாமையை உணர்த்தவில்லை. 'எசென்ஸ்' என்னும் சாரத்தை உணர்த்துகிறது. ஆவியாய்ப் பறக்கும் மணச்சாரமே பொருள். நீலகிரித் தைலம் என நாம் வழங்கும் யூகலிப்டஸ் நெய் இவ்வகையின் பாற்படும். 'தைலம்' என்னும் சொல்லே இதற்குப் போதுமானது. 'மணநெய்' எனினும் அமையும். இதற்கு மறுதலையாய், ஆவியாகாது நிற்கும் எள்ளெண்ணெய் போல்வது 'ஃபிக்ஸ்ட் ஆயில்'. அது பொருத்தப்பட்ட எண்ணெய் அன்று, 'நிலைநெய்' எனலாம். 'எக்ஸ்பிரஸ்ட் ஆயில்' என்பதில் விரைவு யாதும் இல்லை. பிழிந்தெடுத்தது என்பது பொருள். ஆங்கிலம் பிழிதல் என்னும் வினையை ஆள, தமிழ் 'ஆட்டுதல்' என்னும் வினையை ஆளும். திருகிப் பிழியும் கருவி அவர்களுடையது. உலக்கை சுழலும் செக்கு நம்முடையது. ஆதலின் 'செக்கில் ஆட்டிய எண்ணெய்' என்பதே நம் வழக்கு.

'டிரையிங் ஆயில்' என்பதில் வேறொரு பள்ளம் உள்ளது. ஆளிவிதை நெய் போன்றவை காற்றின் உயிர்வளியை ஏற்று மெல்லிய ஆடையாய் இறுகும். வண்ணப்பூச்சுக்கு அவை உதவுவது அதனாலேயே. இதனைக் 'காயும் எண்ணெய்' எனப் பெயர்த்தால் தமிழ்ப்பெண்டிர் அடுப்பின்மேல் உள்ள வாணலியையே நினைப்பர். எண்ணெய் காய்தல் என்பது நம் வழக்கில் சூடேறுதல். 'உலர்நெய்' அல்லது 'இறுகுநெய்' எனல் வேண்டும். ஆமணக்கெண்ணெய் உலரா வகையினது, எள்ளெண்ணெய் இடைப்பட்டது. எண்ணெய் வணிகத்தில் 'ஃபுட்ஸ்' என்பது அடியில் தங்கும் கசடு. கால் என்பது பன்மையேற்றுக் கசடாயிற்று. நாமும் 'அடி' என்பதைக் காலுக்கும் கீழ்ப்பகுதிக்கும் வழங்குவோமாதலின் 'அடிமண்டி' என்பது வியப்பூட்டும் வகையில் ஒத்து நிற்கிறது. 'கசண்டு' என்னும் சொல்லும் உண்டு. 'ரான்சிட்' என்பதற்குக் 'கெட்ட' என எழுதுவது வறுமை. எண்ணெய் கெடும் வகை பல. அவற்றுள் இது 'காறல்'. காறிய எண்ணெய் என்றால் எந்த இல்லத்திலும் விளங்கும்.

தமிழ்நிலத்தினின்றும் சென்று ஆங்கிலத்தில் அருஞ்சொற்களாய் நிற்பவற்றையும் அறிதல் வேண்டும். அவை அகராதியில் தலைகீழாய் நமக்கே திரும்பி வரும்போது அடையாளம் தெரியாமல் விழிப்பாரைக் கண்டுள்ளேன். 'இலிப்பி' என்பது நம் இலுப்பை. 'பூன் ஆயில்' என்பது புன்னையெண்ணெய். 'மார்கோசா' என்பது கசப்பானது என்னும் பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு, வேம்பைக் குறிக்கும். 'கொப்ரா' என்பது மலையாளத்தின் கொப்பரை. 'மொரிங்கா' என்பது முருங்கை. லின்னேயஸ் 1753-இல் அம்மரத்தை வேறோர் இனத்துட் சேர்த்தபோதும் மொரிங்கா என்னும் நம் சொல்லை இரண்டாம் பெயராய் வைத்தார். 1785-இல் லமார்க் அதனைத் தலைப்பெயராக்கி 'ஓலிஃபெரா' என்னும் அடையைச் சேர்த்தார். நெய் தருவது என்பது பொருள். நமக்கு முருங்கை காயாலும் கீரையாலும் பூவாலும் கறிமரம். மேனாட்டார்க்கோ அது வித்தால் நெய்மரம். வித்தின் எடையில் 35 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு. 'பென் ஆயில்' என்னும் அருஞ்சொல் அதனையே குறிக்கும். அரபின் 'பான்' என்பது அதன் மூலம். எளிதிற் காறாமையால் கடிகாரம் செய்வோர் நுண்பொறிகளுக்கு இட்டனர். மணப்பொருள் செய்வோர் பூவின் மணத்தை ஏற்கப் பயன்படுத்தினர். ஆக, 'ஓலரேசியா' என்னும் அடைக்கு நம்மிடம் மிக உரிமையுடைய மரம் 'ஓலிஃபெரா' என்னும் அடையைப் பெற்றது. இவ்வொரு பெயரை நினைவிற் கொண்டாரும் இரு அடிகளின் வேறுபாட்டை மறவார்.

பயிர்த்தொழிலின் ஏனைச் சொற்களுள் 'ஹாம்' என்பது ஆராயத்தக்கது. பன்றியிறைச்சியைக் குறிக்கும் சொல்லொடு இதனை மயங்கற்க. அவரை, பட்டாணி, உருளை போல்வனவற்றின் விளைவை எடுத்தபின் நிலத்தில் எஞ்சும் தண்டும் கொடியும் இதன் பொருள். 'வைக்கோல்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. அது நெல்லுக்கும் அதனை ஒத்த கூலங்கட்கும் உரியது. நிலக்கடலைக்குக் 'கடலைக்கொடி' என உழவர் கூறுவர். பொதுச்சொல்லாகக் 'கொடித்தாள்' எனலாம். தினை கொய்தபின் நிற்கும் தாளுக்கு 'இருவி' எனத் தனிப்பெயரே பண்டைத்தமிழில் இருந்தது. தினையரிந்த தாளில் அவரை படர்ந்து பூக்கும் மலைக்காட்சி ஒன்று குறுந்தொகையுள் உண்டு. ஒரு விளைவு முடிய அதன் எச்சத்தைக் கொழுகொம்பாக்கி மறுவிளைவைக் கொள்ளும் முறை அது. இன்றைய வேளாண்நூலார் இதற்குக் 'ரிலே கிராப்பிங்' என்பதை ஒத்த நெடுந்தொடர்களை ஆள்வர்.

'ஸ்விட்டன்' என்பது வட இங்கிலாந்தின் வட்டாரச் சொல். எரித்தல் என்னும் பொருளுடைய பழைய ஸ்காந்தினேவிய வினையின் வழியது. காட்டை எரித்து விதைத்துச் சில ஆண்டில் பெயரும் நிலத்துக்கு இதனை மானிடவியலார் 1950-களில் மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தனர். தமிழுக்கு இவ்வலைச்சல் தேவையில்லை, 'புனம்' உள்ளது. ஏர் புகாத சரிவைக் கொத்திப் பயிரிடும் நிலத்துக்குக் 'கொத்துக்காடு' என்னும் சொல்லும் உள்ளது. 'எர்த்திங் அப்' என்பதற்கு 'மண் அணைத்தல்' என்பது உழவர் சொல். இதனினும் சிறந்ததொன்றை எவராலும் ஆக்கல் இயலாது. 'போல்ட்டிங்' என்பது கீரைச்செடி உரிய பருவத்துக்குமுன் பூத்தண்டு விடுதல். ஓடுதலும் தாழிடுதலும் அன்று.

கொல்லிமலை சார்ந்திருந்த சேலத்தில்தான் 1916-இல் இராசாசி முதலியோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குதற்கெனக் கழகம் கண்டு இதழும் நடத்தினர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் தொகுதி வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப்பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளிவந்து, 1939-இல் பின்னிணைப்பும் பெற்றது. அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960-களில் வந்தது. இப்பெரும்பணிகளை நாம் போற்றுவோம். ஆயினும் செக்கடியிலும் கொல்லையிலும் வழங்கும் சொற்களைத் தொகுத்துக்கொண்ட பின்னரே புதுச்சொல் ஆக்கவேண்டும் என்பது என் கருத்து. காறல், கசண்டு, மண் அணைத்தல் என்பவை அகராதி எழுதுவார் ஆக்கியன அல்ல.

இறுதியாக, நெய்யினமும் கறியினமும் சொல்லால் அன்றிப் பொருளால் கூடும் இடம் ஒன்றுண்டு. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கே அது. இச்சொல் வடமொழியின் 'பிண்யாகம்' என்பதன் திரிபு எனத் தமிழ்ப்பேரகராதி காட்டும். தமிழ் வழக்கும் சிங்கள வழக்கும் சேர்ந்து ஆங்கிலத்தில் 'பூனாக்' என நுழைந்தது. ஆங்கில அகராதிகள் அதனைத் தேங்காய்ப் பிண்ணாக்கு எனச் சிறப்பித்துக் கூறும். நம் வழக்கிலோ எள்ளுக்கும் கடலைக்கும் வேம்புக்கும் அது பொது. ஆதலின் 'பூனாக்' என்பதை மீளத் தமிழாக்குங்கால் 'தேங்காய்' என்னும் அடையைச் சேர்த்தே எழுதவேண்டும். எள்ளுப்பிண்ணாக்கு மாட்டுக்கு உணவு. வேப்பம்பிண்ணாக்கு காய்கறிப் பாத்திக்கு எருவும் பூச்சிக்காப்பும் ஆகும். உரோமரிடத்தும் ஒலிவத்தைப் பிழிந்தபின் எஞ்சும் கரிய கைப்புநீர்க்கு 'அமுர்க்கா' எனப் பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உழவு நூல் எழுதிய கேட்டோ, எறும்பு அணுகாதிருக்கப் போரடிக்கும் களத்தை அதனால் பண்படுத்தவும், ஒலிவ மரத்தின் அடியில் ஊற்றவும் கூறினார். இதனின்றும் 'அமர்க்கஸ்' என்னும் மிக அரிய ஆங்கிலச் சொல் ஒன்று உளது. கசடு நிறைந்தது என்பது பொருள். அமுர்க்கா நீர்த்தன்மையது, பிண்ணாக்கு கட்டியானது. எனவே ஒன்றுக்கு மற்றொன்றைப் பெயராக வைத்தல் ஆகாது. அமுர்க்காவைக் 'கைப்புக் கசடுநீர்' எனப் பொருள் விளங்க எழுதி, பிண்ணாக்கை அதன் வட்டிலில் விட்டுவிடுக.